மலையகக் குடியுரிமை பத்தி படம் எடுக்கறவங்களுக்கு நூலகம் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்: ஒரு ரிவ்யூ

மொதல்லயே முடிவச் சொல்லிடறேன். 1948ல இலங்கையில மலையகத் தமிழரோட, அதாவது தோட்ட வேலைக்குன்னு இங்க இருந்து போனவங்க வம்சத்தோட, குடியுரிமையப் பறிச்ச அநியாயத்தப் பத்தி யாராச்சும் படம் எடுக்கப்போறீங்கன்னா நூலகம் டாட் ஆர்க்ங்கற இணையதளம் இல்லாம வேலையத் தொடங்கவே தொடங்காதீங்க, ஆனா அத மட்டும் வச்சுக்கிட்டு படத்த முடிச்சும் வச்சுராதீங்க, ஏன்னா அப்படி முடிச்சா படம் பூரா தலைவருங்களும் எழுத்தாளருங்களும்தான் இருப்பாங்க, கொழுந்து பறிச்ச பொம்பளைங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க.

நாங்க மூணு பேர் சேர்ந்து அரை மணி நேர டாக்குமெண்டரி ஒண்ணு பண்ணிட்டிருக்கோம். மூணு பேருமே கோத்தகிரிப் பக்கம், மூணு வீடும் 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்த வீடு. இங்க இன்னமும் எங்க வீடுங்களுக்கு சிலோன்காரங்க வீடுன்னுதான் அடையாளம், அங்க இருந்தப்போ இதே குடும்பங்களுக்கு இந்தியாக்காரன், கள்ளத்தோணின்னு பேரு. ரெண்டு கரையிலயும் அந்தக் கரை ஆளுன்னே சொல்லப்பட்டவங்களப் பத்தி நம்ம ஆளுங்களே கேமரா எடுத்து ஒழுங்கா ஒரு படம் பண்ணணும்ங்கற ஆசை ரொம்ப நாளா இருந்துச்சு.

ஆனா உக்காந்து ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிச்சப்போதான் சிக்கல் புரிஞ்சுது. 1948ல நடந்தத எதக் காட்டி எடுக்கறது? 83 ஜூலைக் கலவரம்னா எரியற கடை இருக்கு, ஓடுற ஜனம் இருக்கு. 48ல அப்படி ஒண்ணுமே இல்ல. பார்லிமெண்ட்ல ஒரு சட்டம் நிறைவேறுச்சு, நவம்பர் 15 அமலுக்கு வந்துச்சு. அன்னிக்குக் காலையில பெரட்டுக்களத்துல, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கற இடத்துல, பேர் போட்டுட்டு மலைக்குப் போனவங்க சாயங்காலம் கொழுந்து நிறுத்துட்டு தோட்டத்து வரிசை வீடான அதே லயத்துக்குத்தான் திரும்பி வந்தாங்க, ஆனா அவங்க எந்த நாட்டு ஆளுன்னு கேட்டா அதுக்கு அப்புறம் பதில் கிடையாது.

சட்டம் என்ன கேட்டுச்சுன்னு பாருங்க. இலங்கையில பிறந்திருந்தா மட்டும் போதாது, உங்க அப்பாவும் அங்க பிறந்திருக்கணும், இல்லன்னா அப்பாவோட அப்பா, அவரோட அப்பா ரெண்டு பேரும் அங்க பிறந்திருக்கணும், அதுக்கு சாட்சி காட்டணும். அந்த நாட்டுல பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டோட கடைசியிலதான். கோப்பித் தோட்டத்துக்குன்னு மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து போனவங்க, வழியிலயே காலராவுல செத்துப்போனவங்க போக மிச்சம் இருந்தவங்க, லயத்துல புள்ள பெத்தப்போ எந்த ஆபீஸ்ல போய் எழுதி வச்சிருப்பாங்க? 1946 கணக்கெடுப்புப்படி இந்தியத் தமிழர் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், நாட்டு ஜனத்தொகையில நூத்துக்குப் பதினொண்ணுக்கு மேல. 1947 தேர்தல்ல தோட்டத் தொழிலாளர் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் ஜெயிச்சுது, மத்த பல தொகுதியிலயும் தோட்டத்து ஓட்டு இடதுசாரிங்களுக்குப் போச்சு. அடுத்த வருஷமே குடியுரிமை போச்சு, 1949ல ஓட்டும் போச்சு, அப்புறம் 1977 வரைக்கும் மலையகத் தமிழர்ல இருந்து தேர்தல்ல ஜெயிச்சு பார்லிமெண்டுக்கு ஒருத்தரும் போகல. எதுக்காகப் பண்ணாங்கன்னு இதுக்கு மேல யாரும் விளக்க வேண்டியதில்ல.

ஆக இது மொத்தமும் காகிதத்தால நடந்த அநியாயம், அதனால காகிதத்தத்தான் கேமரா முன்னாடி வைக்கணும்னு முடிவு பண்ணோம். அந்தக் காகிதம் எங்க கிடைக்கும்னு தேடி வந்து சேர்ந்த இடம்தான் நூலகம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 2005ல இருந்து இயங்குது, இலங்கைத் தமிழ் பேசற சமூகங்களோட எழுத்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இலவசமா போடறாங்க, தன்னார்வலருங்க ஆரம்பிச்சது, இப்ப ஒரு நிறுவனமா நடக்குது. கணக்கு தொடங்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், பிடிஎஃப்ப இறக்கிக்கலாம். நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம், சிறப்பு மலர்னு பிரிச்சு வச்சிருக்காங்க, எழுதினவர் பேர்ல தேடலாம், வருஷ வாரியாவும் போகலாம். ஒலி, ஒளி, போட்டோ எல்லாம் ஆவணகம்னு தனியா ஒரு இடத்துல இருக்கு. 1981ல யாழ்ப்பாண நூலகத்த எரிச்சப்போ 97 ஆயிரம் புத்தகம் போச்சும்பாங்க, வேற எங்கயும் பிரதி இல்லாத ஏடுங்களும் அதுல போச்சு. அதுக்கு அப்புறமும் ஒரு சமூகம் உக்காந்து பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி உலகத்துக்கே திறந்து வச்சிருக்குன்னா, அதத் தொடும்போது ஒரு மரியாதையோடதான் தொட முடியுது, எனக்கு அப்படித்தான்.

படம் எடுக்கறவங்களுக்கு இதுல எது ரொம்ப உபயோகம்னா, என்னக் கேட்டா புத்தகத்த விட இதழ்ங்கதான். புத்தகம் நடந்து முடிஞ்சதத் தொகுத்து நிதானமா சொல்லும். இதழ்ல அந்த மாசத்துக் கோபம் அப்படியே இருக்கும். குன்றின் குரல், தீர்த்தக்கரை மாதிரி மலையகத்துல இருந்தே வந்த இதழ்ங்களத் திறந்து பாருங்க, சம்பளப் பிரச்சனை, லயத்துக் கூரை, பிள்ளைக்காம்பரா (குழந்தைங்கள விட்டுட்டுப் போற இடம்), பிரஜாவுரிமை (குடியுரிமை) விண்ணப்பம்னு எல்லாம் ஒரே இதழ்லயே அடுத்தடுத்த பக்கத்துல வரும், அப்பதான் குடியுரிமைங்கறது தனியா நின்ன அரசியல் விஷயமில்ல, ரேஷன் கார்டுல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எல்லாத்துலயும் அது கை வச்சிருக்குன்னு தெரியும். ஒவ்வொரு இதழுக்கும் உள்ளடக்கத்த டைப் பண்ணியே போட்டிருக்காங்க, அதனால கட்டுரைத் தலைப்ப வச்சே நேரா போயிடலாம்.

இன்னொண்ணு, முன்னட்டையில இருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரைக்கும் விடாம ஸ்கேன் பண்ணியிருக்காங்க. இது சும்மா படிக்கறவங்களுக்குப் பெருசா தெரியாது, எங்களுக்கு இதுதான் தங்கம். கண்டியில ஜவுளிக்கடை, அட்டன்ல நகைக்கடை, அதோட எழுத்து ஸ்டைல், அந்தக் காலத்து விலாசம் எழுதற முறைன்னு எங்க ஆர்ட் வேலை பார்க்கற பையன் விளம்பரப் பக்கங்கள மட்டும் தனி ஃபோல்டர்ல சேர்த்து வச்சிருக்கான். யாரோ பென்சில்ல கோடு போட்டது, பழைய வாசகசாலை முத்திரை, மடிச்ச தடம்னு எல்லாம் ஸ்கேன்ல அப்படியே இருக்கு. ஒரு பக்கத்த எத்தனை பேர் கை மாத்தி வாசிச்சிருப்பாங்கன்னு அதுலயே தெரியுது.

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர், அவரோட மனைவி மீனாட்சி அம்மாள் பத்தியும் இங்க நிறைய படிக்கலாம். தஞ்சாவூர்ல இருந்து போன மனுஷன், தோட்டத்துக்குள்ள வெளியாள் நுழைய முடியாதுன்னு துணி விக்கறவர் வேஷத்துல உள்ள போய் நிலைமையப் பார்த்தவர், 1931ல தோட்டத் தொழிலாளருக்குன்னு சங்கம் கட்டினவர். அந்தம்மா கூட்டத்துல பாட்டுப் பாடித்தான் ஜனங்கள சேர்த்தாங்க, பாட்ட அச்சடிச்சும் பரப்பினாங்க. 1940ல முல்லோயா தோட்டத்துல தொழிலாளி கோவிந்தன் போலீஸால சுடப்பட்டது, 1952ல கொழும்புல ஓட்டுரிமைக்காக நடந்த சத்தியாகிரகம், இதெல்லாம் நம்ம தமிழ்நாட்டுல எத்தனை பேருக்குத் தெரியும்? 1949 கடைசியில இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸ விட்டு வெளிய வந்து தமிழரசுக் கட்சின்னு தனிக்கட்சி தொடங்கினதுக்கே இந்த மலையக மக்களோட குடியுரிமைதான் முக்கியக் காரணம், அந்தக் கட்சியோட பின்னாள் கதை தெரிஞ்சவங்களுக்குக்கூட இந்தத் தொடக்கம் தெரியறதில்ல.

சரி, எங்க குறையுதுன்னும் சொல்லணும். அச்சுல இருக்கறதத்தான் நூலகம் தர முடியும், அச்சுல ஏறாதவங்கள அது எங்க போய்க் கொண்டுவரும்? தோட்டத்துல பாதிக்குப் பாதி வேலை பொம்பளைங்க கையில, ஆனா பழைய பக்கங்கள்ல அவங்க பேரே வராது. 1949ல இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, கல்யாணம் ஆனவங்க 7 வருஷம், ஆகாதவங்க 10 வருஷம் தொடர்ச்சியா அங்க இருந்தத நிரூபிச்சா பார்க்கலாம்னாங்க, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆளுங்களுக்காக விண்ணப்பம் போச்சு, கடைசியில கிடைச்சது 1 லட்சத்து 34 ஆயிரம் சொச்சம் பேருக்கு. இந்த எண்ணு கிடைக்குது. ஆனா தள்ளுபடின்னு கடுதாசி வந்த அன்னிக்கு அந்த லயத்துல என்ன பேசிக்கிட்டாங்கன்னு எந்தப் பக்கத்துலயும் கிடைக்கல. அந்தக் காலத்து அசையற படம் தேடினா அது இன்னும் மோசம், 1930கள்ல தேயிலை விளம்பரத்துக்காக வெள்ளைக்காரங்க எடுத்தது இருக்கு, அழகான மலை, வரிசையா கூடை, யார் வாயும் பேசாது. அத நம்ம படத்துல போட்டா அவங்க பார்வையத்தான் திரும்ப விக்கறோம், நாங்க வேண்டாம்னுட்டோம்.

அதனால நாங்க என்ன பண்ணோம்னா நூலகத்துல இருந்து இறக்கின பக்கங்கள பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து, பெரியவங்க கையில குடுத்து, கேமராவ ஓரமா வச்சுட்டு உக்காந்தோம். மொதல்ல எங்க அப்பாயி. சும்மா "அங்க எப்படி இருந்துச்சு அப்பாயி"ன்னு கேட்டா "என்னத்தச் சொல்ல, குளுருதான்"னு முடிச்சுரும். ஒப்பந்தத்துக்கு விண்ணப்பம் வாங்கினதப் பத்தின ஒரு பக்கத்த படிச்சுக் காட்டுனேன், 1968ல இருந்து 70க்குள்ள எழுதிக் குடுக்கணும்னு வச்சாங்கல்ல, அது. பாதியில நிறுத்தி கைய நீட்டி அந்தத் தாள வாங்கிக்கிச்சு. படிக்கத் தெரியாது, தடவிப் பார்த்துச்சு. அப்புறம் சொன்னது இதுதான்: "உங்க தாத்தா இந்தியாவுக்கு எழுதுனாரு, எங்கண்ணன் சிலோனுக்கு எழுதுனான், ஒரே திண்ணையில உக்காந்து எழுதுனாங்க, ரெண்டு பேரும் என்னைய ஒரு வார்த்த கேக்கல." அந்த அண்ணன் மஸ்கெலியாவுலயே இருந்துட்டாரு. அப்பாயி அவர அப்புறம் பார்க்கவே இல்ல.

எங்க படத்தோட நடு முதுகெலும்பே இப்ப அந்த ரெண்டு நிமிஷம்தான். 1964 அக்டோபர் 30ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 9 லட்சத்து 75 ஆயிரம் பேர இந்தப் பக்கம் 5 லட்சத்து 25 ஆயிரம், அந்தப் பக்கம் 3 லட்சம், மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் அப்புறமாப் பார்த்துக்கலாம்னு பிரிச்சாங்க, அந்த மிச்சத்தையும் 1974ல இந்திராவும் சிறிமாவும் பாதிப் பாதியா எடுத்துக்கிட்டாங்க. அந்த மக்கள் ஒருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கல. விண்ணப்பம்னு வந்தப்போ சிலோன்லயே இருக்கோம்னு கேட்டவங்க 6 லட்சத்துக்கும் மேல, இடம் இருந்ததோ 3 லட்சம். மேல நடந்ததுதான் திண்ணையிலயும் நடந்திருக்கு, ரெண்டு நாடு கேக்காத மாதிரியே வீட்டு ஆம்பளைங்களும் கேக்கல. இது எந்தப் புத்தகத்துலயும் எனக்குக் கிடைக்கல, ஆனா புத்தகத்துல இருந்து அந்த ஒரு பக்கத்த எடுத்துட்டுப் போகலன்னா அப்பாயி வாயத் திறந்திருக்காது.

அதுக்கு அப்புறம் வரிசையா வந்துச்சு. மலைநாட்டுல இருந்து தலைமன்னாருக்கு வர்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேரு, ஏறினவங்களும் அழுவாங்க, ஸ்டேஷன்ல நின்னவங்களும் அழுவாங்க. தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரத்துல இறக்கி மண்டபம் கேம்ப்பு, அங்க குடும்ப அட்டை, அப்புறம் நீ நீலகிரிக்குப் போ, நீ ரப்பர் தோட்டத்துக்குப் போ, நீ ஆந்திராவுல மில்லுக்குப் போன்னு பிரிச்சு விட்டது. குழந்தைங்களோட சேர்த்து இப்படி வந்தவங்க நாலரை லட்சத்துக்கும் மேல. அவ்வளவு பேர் வந்திருக்காங்க, நம்ம சினிமாவுல எத்தனை தடவை பார்த்திருக்கோம்?

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியாகணும், நூலகத்தப் பத்தி இல்ல, வெளியில ஸ்கேன் குடுக்கறதப் பத்தி. தாத்தாவோட பாஸ்போர்ட், கண்டியில இருந்த இந்தியத் தூதரக ஆபீஸ்ல குடுத்தது, அத நல்ல ரெசல்யூஷன்ல வேணும்னு டவுன்ல ஒரு ஸ்டுடியோவுல குடுத்தோம். பேர் சொல்லல. திரும்பி வந்த ஃபைல்ல மஞ்சள் கறை எல்லாம் எடுத்து பளிச்சுன்னு ஆக்கியிருந்தாங்க, ஓரத்துல மங்கலா இருந்த இறங்குன முத்திரையையும் கறைன்னு நினைச்சு அழிச்சுட்டாங்க, போட்டோவுல தாத்தா முகத்த வேற வெள்ளையாக்கியிருந்தாங்க. அவங்க நல்லா பண்றதாத்தான் நினைச்சிருப்பாங்க, ஆனா எனக்கு வயிறு எரிஞ்சுது. எந்த நாள்ல கரை ஏறினாங்கன்னு சொல்ற ஒரே அடையாளம் அந்த முத்திரை. நல்ல வேளை ஒரிஜினல் கையில இருந்துச்சு, திரும்ப எடுத்தோம். அதுக்கு அப்புறம்தான் நூலகத்துல பென்சில் கோட்டக்கூட அழிக்காம வச்சிருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு உறைச்சுது. எங்கயாவது ஸ்கேன் குடுத்தா "எதையும் சுத்தம் பண்ணாதீங்க, அப்படியே எடுங்க"ன்னு எழுதியே குடுத்துருங்க.

டெக்னிக்கலா ரெண்டு விஷயம். இந்த பிடிஎஃப் எல்லாம் வாசிக்கறதுக்காக எடுத்தது, திரையில முழுப் பக்கமா காட்டினா நல்லா இருக்கும், ஒரு வார்த்தைக்குள்ள கேமரா போற மாதிரி நெருங்கினா உடைஞ்சுரும். அப்படி வேணும்னா அந்தப் பக்கத்தோட விவரத்த குறிச்சுக்கிட்டு ஒரிஜினல் யார்கிட்ட இருக்குன்னு தேடிப் போய் ஷூட் பண்ணுங்க, இல்ல எங்கள மாதிரி நல்ல தாள்ல பிரிண்ட் எடுத்து ஆளுங்க கையில குடுத்து எடுங்க, கையும் தாளும் சேர்ந்து ஃப்ரேம்ல இருக்கறது வெறும் ஸ்கேன விட ஆயிரம் மடங்கு மேல். உரிமை விஷயம் அதவிட முக்கியம். நூலகத்துல இலவசமா கிடைக்குதுங்கறதால படத்துல போடற உரிமை நமக்கு வந்துடாது, எழுதினவங்க, வெளியிட்டவங்க, இல்லன்னா அவங்க குடும்பம், இவங்ககிட்ட தனியா கேக்கணும். போட்டோன்னா இன்னும் கவனம். நாங்க ஒவ்வொரு பக்கத்துக்கும் நூலக எண், இதழ் பேர், மாசம், எதுக்காக எடுத்தோம்னு ஒரு ஷீட்ல ஆரம்பத்துல இருந்தே எழுதி வச்சிட்டு வரோம், கடைசியில அனுமதி கேக்கறப்போ அதுதான் உயிர்.

வெறும் சட்டம் தெரியணும், தேதி தெரியணும்னா உங்களுக்கு நூலகம் தேவையே இல்ல, எங்க வேணா கிடைக்கும். சட்டத்துக்குக் கீழ இருந்தவங்க தங்களோட தமிழ்ல என்ன எழுதினாங்க, எத வச்சு சண்டை போட்டாங்க, எந்த விஷயத்துல அவங்களுக்குள்ளயே ஒத்துப் போகலன்னு தெரியணும்னா இதுக்கு மாத்து கிடையாது. அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா நான் யோசிக்காம அஞ்சு குடுப்பேன். மிச்ச வேலை நம்மளது, அத ஒரு நூலகத்துகிட்ட எதிர்பார்க்கறது நியாயமில்ல.

அந்த மிச்ச வேலைக்குத்தான் இப்ப அவசரம். 64ல விவரம் தெரிஞ்ச வயசுல இருந்தவங்க எல்லாரும் இப்ப எழுபது எண்பதத் தாண்டினவங்க. கூடலூர், பந்தலூர், குன்னூர், வால்பாறை, எங்க இருந்தாலும் சரி, உங்க வீட்டு டிரங்குப் பொட்டியில பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, சங்கத்து சந்தாச் சீட்டு, தோட்டத்து தகர டிக்கெட், அங்க இருந்து வந்த கடுதாசி ஏதாச்சும் இருந்தா லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, தாள் உள்ளயே பாழாப் போயிரும். வெளிச்சத்துல வச்சு ரெண்டு பக்கமும் போன்லயாவது எடுத்துக்கோங்க, அப்புறம் அந்தத் தாள வீட்டுப் பெரியவங்க கையில குடுத்து ரெக்கார்டர ஆன் பண்ணிட்டு நீங்க பேசாம இருங்க. முக்கியமா பாட்டிங்ககிட்ட, தாத்தா பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துக் கேளுங்க.